பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு மட்டும் ஏன்?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்குப் பதினொரு வயது; உடலால் போதிய நல்ல செங்குழியங்களை ஆக்க முடியாத தலசீமியா நோய். இரண்டு வயதிலிருந்து மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறார்கள், இன்றுவரை ஒரு சிக்கலும் இல்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வரும் பிள்ளைக்கோ ஏழாவது எட்டாவது தடவையிலேயே "அன்ரிபொடி வந்துவிட்டது, இனிப் பொருந்துகிற இரத்தத்தைத் தேடித்தான் ஏற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். இருவரும் ஓ பொசிற்றிவ். இருவருக்கும் இரத்தம் வருவது ஒரே இரத்த வங்கியிலிருந்து. அப்படியானால் இது பரம்பரையால் வருவதா? தங்களுடைய தாயும் தகப்பனும் சொந்த மச்சான் மச்சாள் என்பதால் தம்பிக்கும் ஒருநாள் வருமா? "சொந்த இரத்தம்தான் உடம்போடு சேரும், நீயே கொடு" என்று மாமி நெருக்குகிறாரே, கொடுக்கலாமா?

நான் வைத்தியன் அல்லன். இரத்த வங்கி ஆய்வுகூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குழாய்களோடு காலம் தள்ளி ஓய்வுபெற்றவன். தம்பியின் சிகிச்சை பற்றிய முடிவுகளை அவருடைய வைத்தியர்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஏன், எப்படி என்ற கேள்விகள் எங்கள் மேசைக்குத்தான் வரும். ஆகவே சொல்கிறேன். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு இரத்தம் கொடுத்தவரிடம் இருப்பதைவிட வாங்கியவரிடம்தான் அதிகம். மச்சான் மச்சாள் கலியாணத்துக்கும் அன்ரிபொடிக்கும், அதாவது வேற்று இரத்தத்தை எதிர்க்க உடல் ஆக்கும் பொருளுக்கும், நேரான தொடர்பு இல்லை. மாமி சொல்வதைக் கேட்டுத் தம்பிக்கு நீங்கள் இரத்தம் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் "ஓ பொசிற்றிவ்" என்ற சொல்லை நம்புவதை நிறுத்த வேண்டும். அது செங்குழியத்தின் மேலுள்ள இரண்டே இரண்டு விடயங்களைச் சொல்கிறது: ஏ, பி என்ற அடையாளங்கள் இல்லை, ரீசஸ் டி என்ற அடையாளம் இருக்கிறது. அவ்வளவுதான். இன்று உலகம் ஏற்றுக்கொண்ட குருதிக் கூட்டத் தொகுதிகள் 40க்கும் மேல். அவற்றுக்குள் அடங்கும் அடையாளங்கள் 300ஐத் தாண்டும். பலவற்றுக்கு நோயாளிகளின் பெயரே நிலைத்துவிட்டது. கெல், டஃபி, கிட் என்று நாங்கள் நாள் முழுக்க உச்சரிப்பவை எல்லாம் 1940களிலும் 1950களை ஒட்டியும் இரத்தம் ஒவ்வாமல் போன நோயாளிகளின் குடும்பப் பெயர்கள். விஞ்ஞானியின் பெயர் வைக்காமல் துன்பப்பட்டவரின் பெயர் வைத்த துறை இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

ரீசஸ் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் நிறமூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பரம்பரையலகுகள் இருக்கின்றன. ஒன்று டியை ஆக்குகிறது. மற்றது நாங்கள் பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ என்று அழைக்கும் நான்கையும் பார்த்துக்கொள்கிறது. தெற்காசிய மக்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஒரு சேர்க்கை, தாய்வழியாகவும் தகப்பன்வழியாகவும் டி, பெரிய சி, சிறிய ஈ வந்து சேர்வது. அப்படிப்பட்டவருடைய அட்டையில் "பொசிற்றிவ்" என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அவரிடம் சிறிய சியும் இல்லை, பெரிய ஈயும் இல்லை. அவை இரண்டும் உள்ள இன்னொரு "பொசிற்றிவ்" இரத்தம் உள்ளே போனால், அவருடைய உடலுக்கு அவை முன்பின் கண்டிராத இரண்டு முகங்கள். தம்பியும் பக்கத்துக் கட்டில் பிள்ளையும் ஓ பொசிற்றிவ்தான், ஒரே ஆள் அல்லர்.

இந்த அடையாளங்களுக்கிடையே உள்ள வேறுபாடு எவ்வளவு சிறியது என்று அறிந்த நாளில் எனக்கு வியப்பாக இருந்தது. கெல் புரதம் 732 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 193ஆவது மணி மட்டும் மாறுகிறது. அந்த ஒரு மணியால்தான் ஒருவர் கெல் பொசிற்றிவ், இன்னொருவர் நெகற்றிவ். டஃபியில் 42ஆவது இடம், கிட்டில் 280ஆவது இடம். ஓ கூட்டம் உருவாவதும் பெரும்பாலும் இப்படித்தான்: ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் உள்ள பரம்பரையலகில் ஒரே ஓர் எழுத்து உதிர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு வாசிப்பு முழுக்கப் பிசகி, வேலைசெய்யாத நொதியம் ஒன்று பிறக்கிறது.

ஏ, பி விவகாரத்தை இங்கே அதிகம் பேசவில்லை. அவற்றுள் தம்மிடம் இல்லாத அடையாளத்துக்கு எதிரான அன்ரிபொடி (இனிச் சுருக்கமாக "எதிரி" என்கிறேன்), யாரும் இரத்தம் ஏற்றாமலே, குடலில் வாழும் பக்ரீரியாக்களின் மேலுள்ள ஒத்த சர்க்கரைகளைப் பார்த்தே, பிறந்து சில மாதங்களில் எல்லோருக்கும் வந்துவிடும். ஆகையால் அங்கே "சிலருக்கு மட்டும் ஏன்" என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1952இல் மும்பையில் கண்டறியப்பட்ட "பம்பாய்" வகை. அவர்களுக்கு ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் என்ற அடையாளமே இல்லை. மேலோட்டமான சோதனையில் ஓ என்று தோன்றுவார்கள். ஓ இரத்தத்தை ஏற்றினாலோ உயிருக்கே ஆபத்து. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இது வெளிப்படும் என்பதால், சொந்தத்துக்குள் கலியாணம் நடக்கும் குடும்பங்களில் சற்று அதிகமாக அகப்படும். இரத்த வங்கிக்காரர் எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க ஆசைப்பட்டு, அகப்பட்ட அன்று ஏன் ஆசைப்பட்டோம் என்று நொந்துகொள்ளும் வகை அது.

இப்போது உண்மையான கேள்விக்கு வருகிறேன். தம்பிக்கும் ஏதோ சில அடையாளங்கள் இல்லாமல்தான் இருக்கும். பத்து வருடத்துக்கு அண்மித்து, நூற்றுக்கு மேற்பட்ட பைகள் ஏறியிருக்கும். அவரிடம் இல்லாத அடையாளம் அவற்றில் ஒன்றிலாவது வராமல் இருந்திருக்க முடியாது. பார்த்தும் அவருடைய உடல் எதிர்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் உடல் ஏழு எட்டுத் தடவைக்குள் எதிர்த்தது. "இல்லாமை" என்ற முதல் பரம்பரை மட்டும் இதை விளக்காது. இரண்டாவது ஒரு பரம்பரை வேண்டும்.

அது ஆறாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. எச்.எல்.ஏ. என்று சொல்வார்கள். அதை நம் ஊர் வேலியை வைத்து விளக்கப் பார்க்கிறேன்.

கிடுகு வேலியில் பொட்டு, அதாவது சிறு இடைவெளி, இருக்கும். அயல் வளவில் யார் வந்தார், என்ன நடக்கிறது என்று பார்ப்பது அந்தப் பொட்டினூடாகத்தான். பொட்டு இருக்கும் இடத்தையும் அதன் அளவையும் பொறுத்து ஒரு வீட்டுக்காரருக்குத் தெரிவது இன்னொரு வீட்டுக்காரருக்குத் தெரியாது. உடலிலும் அப்படித்தான். வேற்றுச் செங்குழியம் மண்ணீரலில் விழுங்கப்பட்டு, அதன் புரதங்கள் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படுகின்றன. அந்தத் துண்டை எச்.எல்.ஏ. மூலக்கூறு தன் பள்ளத்தில் பிடித்துவைத்து வெளியே காட்டுகிறது. ரி கலம் என்ற வெண்குழியம் அதைப் பார்த்துத்தான் "இது நம்முடையது அல்ல" என்று கூவும். அந்தக் கூவலைக் கேட்ட பிறகுதான் பி கலம் என்ற இன்னொரு வெண்குழியம் பிறபொருளெதிரியை, அதாவது விடுதியில் நீங்கள் கேட்ட அந்த அன்ரிபொடியை, உருவாக்கத் தொடங்கும். பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. டி.ஆர்.பி.1 என்ற ஒரே பரம்பரையலகுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான மாற்றுருக்கள் உலகத்தில் உண்டு. குறித்த துண்டு உங்கள் பள்ளத்தில் உட்காராவிட்டால் ரி கலத்தின் கண்ணில் அது படவே படாது. வேற்று அடையாளம் நூறு தடவை வந்து போனாலும் வேலிக்கு அந்தப் பக்கத்தால் போனது போலத்தான்.

இதற்கு மிகத் துல்லியமான சான்று செங்குழியத்தில் இல்லை, இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகளில் இருக்கிறது. அவற்றின் மேலுள்ள ஒரு புரதத்தின் 33ஆவது இடத்தில் பெரும்பாலானோருக்கு லியூசின் என்ற அமினோ அமிலம். மிகச் சிலருக்குப் புரோலின் மட்டுமே. புரோலின் மட்டுமே உள்ள தாயின் வயிற்றில் லியூசின் உள்ள குழந்தை வளர்ந்தால், தாயின் உடல் குழந்தையின் சிறுதட்டுகளுக்கு எதிராகப் பிறபொருளெதிரி ஆக்கலாம். அது நச்சுக்கொடியைக் கடந்து போய்க் குழந்தையின் மூளைக்குள் இரத்தக் கசிவைக்கூட உண்டாக்கும். இரத்தம் ஏற்றிய பின் சிறுதட்டுகள் திடீரென விழுந்துபோகும் அபூர்வமான நோய்க்கும் காரணம் பெரும்பாலும் இதே வேறுபாடுதான். ஆனால் இப்படிப்பட்ட தாய்மார் எல்லோருக்கும் இது நடப்பதில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் யார் என்று தேடிப் பார்த்தபோது, கிட்டத்தட்ட எல்லோரும் டி.ஆர்.பி.3 பரம்பரையலகின் 01:01 என்ற ஒரே மாற்றுருவை வைத்திருந்தார்கள். பிறகு அந்த மூலக்கூறின் அமைப்பையே ஆராய்ந்தார்கள். பள்ளத்தின் ஓர் ஓரத்தில் ஒரு சிறு குழி. அதில் லியூசின் அச்சாக இறங்கி உட்காருகிறது, புரோலின் உட்காரவில்லை. பொட்டு இருந்தது, பார்த்தார்கள், சண்டை வந்தது. இவ்வளவு தெளிவான கதை எங்கள் துறையில் வேறொன்று இல்லை.

செங்குழிய அடையாளங்களிலும் இதே தடம் தெரிகிறது, ஆனால் சற்று மங்கலாக. டஃபி ஏ அடையாளத்தை எதிர்த்தவர்களில், டி.ஆர்.பி.1 மாற்றுருக் குடும்பங்களில் ஒன்றான டி.ஆர்.4 வகையினர் மிகுதி. கெல்லை எதிர்த்தவர்களில் டி.ஆர்.11, டி.ஆர்.13. கிட் ஏக்கு டி.ஆர்.1. பல அடையாளங்களை ஒருசேர எதிர்ப்பவர்களிடம் டி.ஆர்.15 அடிக்கடி தலைகாட்டுகிறது. இவை பெரும்பாலும் ஐரோப்பிய நோயாளிகளிடம் கண்டவை என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பியரில் 100 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு இருக்கும் கெல் அடையாளம் நம் பக்கத்தில் மிக அரிது. அடையாளம் உள்ள கொடையாளர் குறைவு என்றால் அதைச் சந்திக்கும் வாய்ப்பும் குறைவு. எங்கள் வேலியில் பொட்டு இருந்தாலும் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. மறுபுறம், ஐரோப்பியரைவிட நம் துணைக்கண்டத்தில் அதிகம் காணப்படும் அடையாளங்களும் உண்டு. "இந்தியன்" என்றே பெயர் வைத்த ஒரு குருதிக் கூட்டம் 1970களில் மும்பையில் இனங்காணப்பட்டது. எதிரியைத் தேடுவதற்கு நாங்கள் பயன்படுத்தும் மாதிரிச் செங்குழியங்கள் ஐரோப்பியக் கொடையாளரிடமிருந்து எடுத்தவையாக இருந்தால், இப்படிப்பட்ட உள்ளூர் அடையாளம் அவற்றில் இருக்காது. எதிரி இருந்தும் சோதனை "இல்லை" என்று சொல்லும். புத்தகத்தில் உள்ள அட்டவணையை நம் ஊருக்கு அப்படியே இறக்குமதி செய்ய முடியாது என்று நான் இளையவர்களிடம் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான்.

டி அடையாளம் இன்னொரு பாடம் தருகிறது. அதைப்போல உடலைத் தூண்டும் அடையாளம், ஏ பியை விட்டால், வேறில்லை. நல்ல சுகதேகிகளான நெகற்றிவ் தொண்டர்களுக்கு ஒரு பை அளவு பொசிற்றிவ் இரத்தத்தைக் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு எதிரி உண்டானது. மற்றவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தும் சிலருடைய உடல் அசையவே இல்லை. அதே நெகற்றிவ் ஆள் கடும் நோயாளியாக வைத்தியசாலையில் கிடக்கும்போது, அவசரத்துக்குப் பொசிற்றிவ் இரத்தம் ஏற்றினால் எதிர்ப்பவர் பத்தில் இரண்டு மூன்று பேர்தான். பரம்பரையலகு மாறவில்லை, நிலைமை மாறியது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனைய அடையாளங்களுக்கு இந்த எண்ணிக்கை மிகவும் குறைவு. வாழ்நாளில் சில தடவை மட்டும் இரத்தம் பெற்றவர்களை எடுத்தால் நூறில் ஓரிருவர் முதல் ஐந்தாறு பேர் வரைக்கும்தான் புதிய எதிரி தோன்றுகிறது. ஒருமுறை எதிர்த்தவர் மற்றோர் அடையாளத்தையும் எதிர்ப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். இந்தக் கோலத்தைக் கணக்கில் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், மனிதரில் ஏறத்தாழ 13 வீதத்தினர் "எதிர்ப்பவர்" என்ற தனிக் கூட்டமாக இருக்கலாம் என்று 2008இல் எழுதினார்கள். எஞ்சியவர்கள் எத்தனை பை ஏற்றினாலும் பெரும்பாலும் சும்மா இருப்பார்கள். தம்பி இந்தப் பெரிய பக்கத்தில் இருக்கிறார் என்றுதான் பத்து வருட அனுபவம் காட்டுகிறது. எச்.எல்.ஏ. மட்டும் இந்தப் பிரிவைப் போடவில்லை. எதிர்ப்பைத் தட்டிக்கொடுக்கும், அடக்கும் வேறு பல பரம்பரையலகுகளையும் ஆராய்ந்து பார்த்தார்கள். ஓர் ஊரில் கிடைத்த முடிவு அடுத்த ஊரில் கிடைக்கவில்லை. ஆகவே அவற்றை இங்கே பட்டியலிட்டு உங்களைக் குழப்பப் போவதில்லை.

பரம்பரையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஏற்றும் நேரத்தில் உடலில் காய்ச்சலோ தொற்றோ அழற்சியோ இருந்தால் உடலின் காவலான நிர்ப்பீடனத் தொகுதி ஏற்கெனவே விழித்துக்கொண்டு நிற்கிறது. எதிர்க்கும் வாய்ப்புக் கூடுகிறது. அரிவாட்கலக் குருதிச்சோகை நோயாளிகளில் இது நன்றாகத் தெரிந்த விடயம். மண்ணீரலை அகற்றிய தலசீமியா நோயாளரில் எதிரிகள் அதிகம் காணப்படுகின்றன. மிகச் சிறு வயதில், மூன்று வயதுக்கு முன், ஏற்றத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் குறைவு. அந்த வயதில் உடல் வந்ததை எல்லாம் வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்ளப் பழகுகிறது போலும். தம்பிக்கு இரண்டு வயதில் தொடங்கியது ஒருவகையில் அவருடைய நற்பேறு. பக்கத்துக் கட்டில் பிள்ளை எப்போது தொடங்கினார், முதல் தடவைகளில் காய்ச்சலோடு இருந்தாரா, எந்த அடையாளத்துக்கு எதிராக வந்தது என்று தெரியாமல் நான் அவருக்குச் சாத்திரம் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாய் தன் பிள்ளைக்கு "கூடாத இரத்தம்" ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்து மறுகிக்கொண்டிருந்தால், அப்படி இல்லை என்று நீங்கள் அவருக்குச் சொல்லலாம். அதே பை இன்னொரு பிள்ளைக்கு ஒரு தீங்கும் செய்திருக்காது.

எதிரி ஒருமுறை வந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் சமாளிக்கலாம். எதிரி யாருக்கு எதிரானது என்று கண்டுபிடித்து, அந்த அடையாளம் இல்லாத பையைத் தெரிவுசெய்து ஏற்றுவார்கள். சங்கடம் அது மறைந்துபோகும்போது வருகிறது. இதை ஓர் ஆளின் கதையாகத்தான் என்னால் சொல்ல முடியும்.

1990களின் தொடக்கத்தில், பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் ஏற்றிய ஓர் அம்மாவுக்குக் கிட் ஏக்கு எதிரான பிறபொருளெதிரி உண்டானது. மஞ்சள் மட்டையில் எழுதிக் கையில் கொடுத்திருந்தார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமமே வெறிச்சோடிப் போனதே, அந்த இடப்பெயர்வில் அவரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு செம்மணியால் நடந்தார். மட்டை வீட்டு ரங்குப்பெட்டியில் இருந்தது. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. சில வருடம் கழித்து ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை. "முன்பு இரத்தம் ஏற்றியதுண்டா?" என்று கேட்டதற்கு "ஓம்" என்றார்; மட்டையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, கேட்டவரும் கேட்கவில்லை. எங்கள் சோதனையில் எதிரி இல்லை என்றுதான் வந்தது. சோதனையில் பிழை இல்லை. கிட் எதிரிகளின் குணமே அது: சில மாதங்களில், சில வருடங்களில் அளவு குறைந்து குழாயில் தெரியாத அளவுக்குப் போய்விடும். ஆனால் உடல் மறப்பதில்லை. இரண்டு பை ஏற்றினார்கள், நன்றாக வீட்டுக்குப் போனார். எட்டாம் நாள் கண் மஞ்சளாகி, பிளேன்ரீ நிறத்தில் சிறுநீர் போய், ஏற்றிய இரத்தம் எல்லாம் கரைந்த நிலையில் திரும்பி வந்தார். அன்று எடுத்த மாதிரியில் எதிரி கொட்டிக் கிடந்தது. தப்பிவிட்டார். "தம்பி, அப்போதே ஒரு மஞ்சள் மட்டை தந்தார்கள், அது இவ்வளவு பெரிய மட்டை என்று தெரியாமல் போய்விட்டது" என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே அந்தப் பிள்ளையின் தாயிடம் சொல்லுங்கள்: எதிரியின் பெயர் எழுதிய அட்டையைப் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வைக்கட்டும், பெரியம்மா வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும், கொழும்புக்கோ குருநாகலுக்கோ சிகிச்சைக்குப் போனால் முதலில் அதைக் காட்டட்டும். அடுத்த சோதனையில் "இல்லை" என்று வந்தாலும் அதை எறியக் கூடாது.

இனி மாமியின் விடயம்.

சொந்த இரத்தம் சேரும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது என்ற பாசம். கொடையாளரைத் தேடித் தெருத் தெருவாக அலைந்த காலத்தில் வீட்டார்தான் கைகொடுத்தார்கள். ஆனால் நெருங்கிய உறவினரின் இரத்தத்தில் அபூர்வமான, மிகக் கொடிய ஓர் ஆபத்து இருக்கிறது, அது உண்டாவதே நெருக்கத்தினால்.

பையில் வரும் இரத்தத்தில் கொடுத்தவரின் உயிருள்ள வெண்குழியங்களும் கொஞ்சம் இருக்கும். வழக்கமாக வாங்குபவரின் உடல் அவற்றை வேற்றார் என்று கண்டு சில நாளில் அழித்துவிடும். ஒவ்வொருவரிடமும் எச்.எல்.ஏ. தொடர் இரண்டு, ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. தம்பியிடம் இருப்பவை சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கொடுக்கும் உறவினரிடம் இரண்டும் சிவப்பாகவே இருந்தால்? தம்பியின் உடல் அந்த வெண்குழியங்களைப் பார்த்து, "சிவப்பு நம் வீட்டில் இருப்பதுதானே" என்று விட்டுவிடும். உள்ளே குடியேறிய வெண்குழியங்களோ தம்பியின் நீலத்தைப் பார்த்து, "இது யார்?" என்று தாக்கத் தொடங்கும். தோல், ஈரல், குடல், கடைசியில் என்புமச்சை. ஏற்றி ஓரிரு கிழமையில் காய்ச்சலும் தோற்சிவப்புமாகத் தொடங்கும் இந்த நோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். நல்ல நிர்ப்பீடன சக்தி உள்ளவருக்கும் இது வரும். காவலாளி தூங்கவில்லை, ஆளைத் தெரிந்தவர் என்று உள்ளே விட்டுவிட்டார்.

மச்சான் மச்சாள் கலியாணம் இங்கேதான் கணக்கில் வருகிறது. ஒரே சிவப்புத் தொடர் இரண்டு பக்கத்தாலும் வந்து சேர்வது அந்நியர் கலியாணத்தில் அரிது. சொந்த மச்சான் மச்சாளுக்குப் பிறந்த பிள்ளையில், பரம்பரையலகுத் தொகுதியின் எந்த ஓர் இடத்தை எடுத்தாலும், ஒரே மூதாதையரின் ஒரே பிரதி இரு வழியாலும் வந்து சேரும் வாய்ப்பு 16இல் 1. தலசீமியாவும் அப்படி இரு வழியால் வந்த பழுதுதான். அதே கணக்கு உங்களுக்கும் பொருந்தும், தங்கச்சி. உங்களிடம் இரண்டு சிவப்பு இருக்கலாம். தம்பிக்குக் கொடுக்க எல்லோரிலும் பொருத்தமானவர் என்று மாமி நினைக்கும் ஆள், எல்லோரிலும் ஆபத்தானவராகவும் இருக்க முடியும். வேறு வழியே இல்லாமல் உறவினரின் இரத்தத்தைப் பயன்படுத்த நேர்ந்தால், பைக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து, குறைந்தது 25 கிரே அளவில், அந்த வெண்குழியங்கள் பெருகாமல் செய்துவிட வேண்டும். வெண்குழியங்களை வடிகட்டும் வடி நல்லதுதான். காய்ச்சல் நடுக்கத்தைக் குறைக்கும். இந்த ஆபத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நல்ல காரணம். தலசீமியாவை வேரோடு மாற்ற வல்லதாக நெடுங்காலமாக நிலைத்து நிற்கும் சிகிச்சை என்புமச்சை மாற்றம். அதற்கு முதலில் தேடப்படுபவர் கூடப்பிறந்தவர். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இருவரின் எச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. உங்கள் இரத்தத்தை இப்போதே ஏற்றித் தம்பியின் உடலுக்கு உங்களைப் பழக்கிவிட்டால், நாளை உங்கள் என்புமச்சையை அது தள்ளிவிடக்கூடும். உங்களைக் கடைசிக்காக வைத்திருக்க வேண்டும்.

தம்பிக்காகக் கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. முதல் இரத்தம் ஏற்றுவதற்கு முன், அவருடைய பெரிய சி, சிறிய சி, பெரிய ஈ, சிறிய ஈ, கெல் எல்லாம் பார்த்து எழுதிவைத்தார்களா என்று கேளுங்கள். தலசீமியா பிள்ளைகளுக்கு ஏ பி ஓ, டி ஆகியவற்றோடு இந்த ஐந்தையும் பொருத்தி ஏற்றுவது உலகெங்கும் சொல்லப்படும் நல்ல முறை. உலகின் பல இடங்களிலும் தலசீமியா நோயாளரில் அடிக்கடி அகப்படும் எதிரிகள் இந்த ஐந்துக்குள்தான் வருகின்றன. எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தங்கமாகக் காப்பாற்றுங்கள். எழுதாமல் விட்டிருந்தால், இப்போது குழாயில் சோதித்துப் பார்ப்பது கடினம். அவருடைய குருதியில் ஓடுவதில் பெரும்பங்கு அயலாரின் செங்குழியங்கள், கலப்பு விடைதான் வரும். அதற்கும் வழி இருக்கிறது. செங்குழியத்துக்குக் கரு இல்லை, வெண்குழியத்துக்கு உண்டு. தம்பியின் வெண்குழியத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து வாசித்தால், எத்தனை பை ஏற்றியிருந்தாலும் அவர் பிறந்தபோது எப்படியோ அப்படியே விடை வரும். வசதி எங்கே இருக்கிறது, அனுப்பலாமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள்.

"எதிர்ப்பவரா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லும் பரம்பரைச் சோதனை இருக்கிறதா?" என்று அடுத்து கேட்பீர்கள். சிகிச்சையில் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு இல்லை. டி.ஆர்.15 இருந்தும் வாழ்நாள் முழுக்க எதிர்க்காதவர்கள் ஏராளம். யாராவது காசு வாங்கிக்கொண்டு அப்படிச் செய்துதருவதாகச் சொன்னால் கொடுக்காதீர்கள். தம்பிக்கு ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் எதிரி தேடும் சோதனை நடக்கிறது. பத்து வருடம் சும்மா இருந்த உடல் பதினோராவது வருடம் விழிக்கவும் கூடும் என்பதால் அதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. அவசரம், நேரமில்லை என்று நீங்களே தாதியை நெருக்காதீர்கள். ஏற்றுகிற அன்று தம்பிக்குக் காய்ச்சல் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். தள்ளிப்போடுவதா வேண்டாமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

மாமியிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரத்தம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சனசமூக நிலையத்திலோ கோவில் மண்டபத்திலோ அடுத்த இரத்ததான முகாம் வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் இருவருமே கொடுங்கள். ஆனால் படிவத்தில் தம்பியின் பெயரை எழுதாதீர்கள்; அந்தப் பை பக்கத்துக் கட்டிலுக்குப் போகட்டும்.